உப்பளத்து உடம்பு

உப்பளத்து வாசலுக்கு எதிரே ஒரு உடைமரம் நிற்கிறது. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அந்த மரத்தடிக்கு வந்ததும் இசக்கித்தாய் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு இடது கையை நீட்டுவாள். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் காப்பு காப்பாக அடுக்கியிருக்கும். தங்கமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சாம்பல் நிற ரப்பர் வார், நடுவில் பயறு அளவுக்கு ஒரு விளக்கு. அத்தனை விளக்கும் பச்சையாக எரியும்.

"ஏளா, எத்தனாவது மாசம்? வளைகாப்பு முடிஞ்ச கையோட வேலைக்கு வந்துட்டியே, மாமியாக்காரி ஒண்ணும் சொல்லலியா?" என்று ராஜகனி கேட்பாள்.

"சொன்னா. ராஜகனின்னு ஒரு கைகாரி இருக்கா, பேறுகாலத்த அவ பாத்துக்கிடுவான்னு சொன்னா."

தினமும் இதே கேலி, இதே பதில். சுற்றி நிற்கிற பெண்களும் தினமும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அவரவர் காப்பை அவள் கையிலிருந்து உருவித் தங்கள் கையில் மாட்டிக்கொள்வார்கள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டியிருக்கும். ராஜகனியுடையது மஞ்சள் நூல். மாட்டியதும் விறுவிறுவென்று நடந்து வாசல் கம்பியில் கையைக் காட்டுவார்கள். கம்பி பச்சையைப் பார்த்துவிட்டு வழிவிடும்.

அந்தக் காப்பு ஊருக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முதலில் அதைக் கொண்டுவந்தவள் சுகாதார நிலையத்து நர்ஸ் பிரிசில்லா. சின்ன வயசு. நாசரேத்துப் பக்கத்துப் பெண். கடற்கரை முழுக்க உள்ள உப்பளங்களில் இந்த ஊர் அளத்தைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, கோயில் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"இத மாட்டிக்கிட்டா போதும்க்கா. ரத்தம், பிரஷர், நெஞ்சு அடிக்கது, உடம்புல தண்ணி எவ்வளவு இருக்கு, எல்லாத்தையும் இதுவே பாத்துக்கிடும். டாக்டரு உங்க கையிலயே இருக்காருன்னு வச்சுக்கோங்க."

"அந்த டாக்டரு கைய விட்டு எப்பமாவது எறங்குவாரா தாயி? ஒண்ணுக்குப் போகையிலயாவது?" ராஜகனி கேட்டாள்.

கொட்டகையே சிரித்தது. பிரிசில்லாவும் சிரித்துவிட்டாள். பிறகு, "நீங்க ஒண்ணுக்கே போறது இல்லன்னுதான் இந்தக் காப்பே வருது" என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. உண்மை அது. கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளைப் பாத்தி. ஒரு மறைவு கிடையாது. காலையில் தண்ணீர் குடித்தால் பகலில் எங்கே போவது? அதனால் பெண்கள் குடிப்பதில்லை. பல வருஷம் அப்படி ஓட்டி, நாற்பது தாண்டியதும் முகம் வீங்கி, கால் வீங்கிச் சாகிறது அந்த ஊரில் பெண்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, காப்பு நல்லதும் செய்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். அலமாரி உயரம். காப்பைக் காட்டினால் தமிழில் பேசும், கேள்வி கேட்கும், வேண்டிய மாத்திரையைக் கீழே தட்டில் போடும். ஒரு பைசா கிடையாது. முன்னெல்லாம் ஒரு பிரஷர் மாத்திரைக்கு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். இப்போது வேலை முடிந்து போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம். கணக்கப்பிள்ளை வீட்டு மருமகளுக்கு வயிற்றுப் பிள்ளை கொடி சுற்றிக் கிடப்பதைக் காப்புதான் முதலில் சொன்னது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு மாலை போட்டார்கள்.

பிறகு ஒரு கோடையில் வேறொரு அளத்தில் வெயில் தாங்காமல் இரண்டு பேர் சுருண்டு விழுந்து செத்துப்போனார்கள். மேலே இருக்கிறவர்கள் பதறிப்போய் ஒரு விதி போட்டார்கள். காப்பில் சிவப்பு எரிகிற ஆளை வெயிலில் இறக்கக்கூடாது. பகல் வெயிலும் வேர்வையும் கணக்கைக் குழப்பும் என்பதால், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து காலை வரைக்கும் உடம்பு எப்படி இருந்தது என்று பார்த்துத்தான் வாசல் கம்பி திறக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். சிவப்பு எரிந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது. கூலி கிடைக்கவில்லை. அதைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உப்பு சுமக்கிற வேலை தனியாள் வேலை இல்லை. நிறைந்த கூடையைத் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. எதிரே ஒருத்தி நின்று கை கொடுக்க வேண்டும். அவள் தூக்கிவிட இவள் சுமப்பாள், இவள் தூக்கிவிட அவள் சுமப்பாள். அதற்கு ஜோடி என்று பெயர். இசக்கித்தாயும் ராஜகனியும் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஜோடி. ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த வருஷம் முதலில் சிவப்பு எரிந்தது ராஜகனிக்கு.

இரண்டு நாள் இரண்டு பேரும் திரும்பினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ராஜகனி தன் காப்பைக் கழற்றி இசக்கித்தாயின் மடியில் போட்டாள். காப்பைக் கழற்ற முடியும். முதலில் வந்த காப்புக்குப் பூட்டு இருந்தது. ஆள் மாறினாலும் அதற்குத் தெரியும். ஆனால் வாருக்குக் கீழே உப்பு தங்கிப் புண் வந்தது. வெடித்த தோலை அந்தப் பூட்டால் சரியாகப் படிக்கவும் முடியவில்லை. சொந்தக்காரியையே வேற்றாள் என்று சொல்லி வாசலில் நிறுத்தியது. பிரிசில்லாதான் மேலே சண்டை போட்டு, உப்பளத்து ஆட்களுக்கு மட்டும் அந்தப் பூட்டை எடுக்க வைத்தாள்.

"ராத்திரிக்கு நீ மாட்டிக்கோ. உன் உடம்புதான் எருமை கணக்கா இருக்கே, அதுல கொஞ்சம் எனக்குக் குடு" என்றாள் ராஜகனி.

"வெளையாடாதட்டி. ஒனக்கு மொகம் உப்பிக் கெடக்கு. ரெண்டு நாளு படு."

"நான் படுத்தா நீயும்லா படுக்கணும். ஒரு வாரந்தான். மாத்திரைதான் தின்னுட்டு இருக்கேனே."

இசக்கித்தாய் காப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். ராஜகனிக்காகத்தான் மாட்டிக்கொண்டோம் என்று அப்போது நினைத்தாள். தன் தலைச்சுமைக்கும் ஒரு கை வேண்டியிருந்தது என்பதைப் பின்னாளில்தான் நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்த பிறகு அவளால் அதை மறக்க முடியவில்லை.

மறுநாள் விளக்கு பச்சையாக எரிந்தது. ஒரு வாரம் என்பது உப்பு சீசன் முழுக்க நீண்டது. பார்த்தவர்கள் கேட்டார்கள். "எனக்கும் ஒருநா மாட்டிக்கோக்கா", "எங்க அத்தைக்கு மாட்டிக்கோ மைனி". நல்ல உடம்புக்காரி என்று ஊரில் பேர் எடுத்தவள் இல்லையென்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அவள் கை நிறைந்தது. பக்கத்து அளங்களிலும் இப்படி ஒவ்வொரு கை நிறைகிறது என்று பேச்சு வந்தது.

அப்போதுதான் ஒரு காரியம் நடந்தது. ராஜகனி மாத்திரை வாங்கப் பெட்டி முன்னால் போய் நின்றாள். இசக்கித்தாயும் கூட இருந்தாள். பெட்டி இனிமையான குரலில் சொன்னது: "வாழ்த்துகள், ராஜகனி அவர்களே. உங்கள் ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சீராகிவிட்டன. இனி உங்களுக்கு மாத்திரை தேவையில்லை."

தட்டில் ஒன்றும் விழவில்லை.

ராஜகனி பெட்டியைப் பார்த்தாள், இசக்கித்தாயைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏளா, நீ திங்கிற சோத்துக்கு எனக்கு நோவு போயிட்டே!"

"சிரிக்காத. பிரிசில்லாட்ட சொல்லி மாத்திரய வாங்கணும்."

"என்னன்னு சொல்லி வாங்குவ? காப்பு மாத்துனோம்னு சொல்லுவியா? சொன்னா ரெண்டு பேரு காப்பும் போயிரும். அப்புறம் பெட்டியும் கெடயாது, வாசலும் கெடயாது. விடு. மெய்யாவே ஒடம்பு லேசாத்தான் இருக்கு. பச்சையப் பாத்தாலே பாதி தெம்பு வந்துருதுளா."

அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. கேலி பாதி, நம்பிக்கை பாதி. இசக்கித்தாய்க்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய பெட்டி, கொடி சுற்றின பிள்ளையைக் கண்டுபிடித்த பெட்டி, வாழ்த்துச் சொல்கிறதென்றால் அதில் ஏதாவது இல்லாமலா இருக்கும்?

சித்திரை வெயிலில் ஒருநாள், இசக்கித்தாய் கூடையைத் தூக்கிவிட்டுக் கையை எடுக்கும் முன்பே ராஜகனி முழங்கால் மடங்கி விழுந்தாள். கூடை சரிந்து, உப்பு அவள் மேலேயே கொட்டியது. இசக்கித்தாய் குனிந்து அவள் கையைத் தூக்கிக் காப்பில் இருந்த பொத்தானை அமுக்கினாள். அவசரத்துக்கு அமுக்கினால் ஆம்புலன்ஸ் வரும்.

காப்பு பேசியது. "பதற வேண்டாம். இவருடைய உடல் வலிமையானது. களைப்பாக இருக்கலாம். நிழலில் படுக்க வைத்து நீர் கொடுங்கள்."

"எம்மா, நீ ராத்திரியில பாத்த ஆளு இவ இல்லம்மா! இவள வேற பாரு! வேற பாரு!" என்று இசக்கித்தாய் காப்பைப் பார்த்துக் கத்தினாள். காப்புக்கு அது விளங்கவில்லை. அது இவ்வளவு காலமாகப் படித்து வைத்த ராஜகனிக்கும், இப்போது தொட்டுக்கொண்டிருக்கிற ராஜகனிக்கும் நடுவில் குழம்பிப்போய், திரும்பத் திரும்ப நிழல், நீர் என்றது. கடைசியில் உப்பு லாரியில் போட்டுத்தான் கொண்டுபோனார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மனுஷ டாக்டர் பார்த்தார். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய் வெகுநாள் ஆகிறது என்றார். காப்பு எப்படி இதை விட்டது என்று அவரே ஆச்சரியப்பட்டார். இசக்கித்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜகனிக்குக் கடைசியாக ஒருதரம் நினைவு வந்தது.

"வெளிய சொல்லிராதளா," என்றாள். "மத்தவளுவ பொழப்பு கெட்டுரும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராஜகனியின் புருஷன் காப்பைக் கொண்டுபோய்ச் சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தான். மஞ்சள் நூலை மட்டும் இசக்கித்தாய் அறுத்து வைத்துக்கொண்டு, தன் காப்புக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டாள். மற்ற பெண்களின் காப்பை அன்றிலிருந்து வாங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறொரு கையைத் தேடிக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலம். அளத்தில் வேலை இல்லாத நேரம். பிரிசில்லா ஒரு லட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள்.

"இசக்கியக்கா, நம்ம ஊருக்குப் பரிசு வந்திருக்கு. செவப்பே இல்லாத ஊருன்னு. அதுக்கும் மேல ஒரு நல்ல சேதி. இனும உங்க ஆளுகள அநியாயமா வாசல்ல நிப்பாட்ட மாட்டாங்க."

"ஏன் தாயி?"

"பெட்டிக்கு இதுவரைக்கும் டவுன் ஆளுக ஒடம்புதான் கணக்கு. ஏசி ரூம்ல இருக்கவங்கள வச்சு உங்களையும் அளந்துட்டு இருந்துச்சு. இப்போ உப்பளத்துக்குன்னு தனி அளவு போட்டுட்டாங்க. நம்ம ஊர்லதான மொதல்ல காப்பு வந்துச்சு, நம்மளையும் பக்கத்து அளத்து ஆளுகளையும் வச்சுத்தான் அது படிச்சிருக்கு. மொதல்ல செவப்பா இருந்தவங்க, வெயில்ல வேல செய்யச் செய்யப் பச்சையாயிட்டாங்களாம். உப்பளத்து ஒடம்பு அவ்வளவு கெட்டியாம். அதனால செவப்பு எரிய ஆரம்பிக்கிற கோட்டத் தள்ளி வச்சிட்டாங்க. வேதாரண்யம், மரக்காணம், இன்னும் வடக்க எங்கல்லாம் உப்பளம் இருக்கோ அங்கல்லாம் இனும இந்த அளவுதான்."

இசக்கித்தாய் கையில் இருந்த லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தின்னவில்லை.

"எந்த ஒடம்ப வச்சுப் படிச்சிச்சு பிள்ள?"

"உங்க எல்லாரையும் வச்சுத்தான்."

"எல்லாரும் இல்ல," என்றாள் இசக்கித்தாய். "ராஜகனி காப்ப நாந்தான் மாட்டிட்டு இருந்தேன்."

பிரிசில்லா லட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திறந்து மூடினாள். "பூட்ட எடுக்கச் சொன்னதே நாந்தான்க்கா," என்றாள். அழுதாள்.

"அழாத. அத மாத்தச் சொல்லு. பெட்டி படிச்சதுல இருந்து என்னய வெளிய எடுக்கச் சொல்லு."

"கரைஞ்ச உப்ப எப்படிக்கா பொறுக்க?"

"கரைஞ்ச உப்ப எடுக்கதுதான பிள்ள எங்க வேலை." சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். எடுக்கலாம். வெயிலும் நாளும் இருந்தால் எடுக்கலாம். ஆனால் நேற்றுப் பாத்தியில் போட்ட ஒரு கைப்பிடி உப்பை, அதே கைப்பிடியை, யாரால் திருப்பி எடுக்க முடியும்? அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

பிரிசில்லா கண்ணைத் துடைத்தாள். "ராஜகனியக்கா பேர்ல உள்ளத எடுக்கச் சொல்லி எழுதுதேன். உங்க காப்ப ரத்து பண்ணிருவாங்க. பெட்டியில மாத்திர கெடைக்காது. வாசலும் தொறக்காது. பரவாயில்லியா?"

"பரவாயில்ல."

"வேற யாரு காப்பாவது மாட்டுனீங்களாக்கா? மறைக்காமச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொன்னாத்தான் கோட்டத் திருப்பி மாத்துவாங்க."

தெருவில் அந்நேரம் மங்களக்கிளி போய்க்கொண்டிருந்தாள். இசக்கித்தாய் வெகுநாள் மாட்டிக்கொண்டு திரிந்த காப்புகளில் ஒன்று அவளுடையது. கால் வீக்கத்தோடு, கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறாள். அவள் பேரைச் சொன்னால் அடுத்த சீசனில் அவள் வாசலுக்கு வெளியே. அவளுக்குப் பின்னால் எல்லாரும். மத்தவளுவ பொழப்பு கெட்டுரும் என்று ராஜகனி சொன்னது காதில் கேட்டது.

"இல்ல தாயி. அவ ஒருத்தியதுதான்."

பிரிசில்லா எழுதிப் போட்டாள். ஒரு மாசம் கழித்துப் பதில் வந்ததாகச் சொன்னாள். ராஜகனி என்கிற ஒருவரின் விவரம் நீக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஒன்று என்பதால் அளவில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. அதே வாரத்தில் இசக்கித்தாயின் காப்பு அணைந்தது.

பிறகு அவள் மகளைக் கட்டிக்கொடுத்த மரக்காணத்துக்குப் போய்விட்டாள். அங்கேயும் உப்பளம்தான், ஆனால் காப்பு இல்லாத கைக்கு அளத்தில் வேலை இல்லை. மகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருந்தாள். இசக்கித்தாய் அந்தக் கடையில் மாவாட்டினாள், பாத்திரம் கழுவினாள். அப்படியே மூன்று வருஷம் ஓடியது. எருமை கணக்காக இருந்த உடம்பிலும் அங்கங்கே வலி வர ஆரம்பித்தது.

கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு சுவரோடு சேர்த்து ஒரு பெட்டி வைத்தார்கள். ஊரில் பார்த்த அதே பெட்டி, அதே குரல். அளத்துக்குப் போகிற பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அதனிடம் காட்டிவிட்டுப் போவார்கள். இசக்கித்தாய் அந்தப் பக்கம் போவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் கடையில் வெறும் டீ வாங்கிக் குடித்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே வீங்கித் தொங்கியது. செருப்பு வார் பாதத்தில் அழுந்தி, குழி மறையாமல் கிடந்தது. ராஜகனிக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டு நேரே பெட்டிக்குப் போனாள். இசக்கித்தாய் ஈரக் கையோடு பின்னாலேயே போய்விட்டாள்.

பெட்டி சொன்னது: "வணக்கம். உப்பளத் தொழிலாளர் அளவின்படி உங்கள் உடல்நிலை சீராக உள்ளது. பயப்பட வேண்டாம்."

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற இசக்கித்தாயைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணும் இல்லியாம்க்கா. நாந்தான் சும்மா பயந்துகினு கெடந்தேன்."

இசக்கித்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போவாத தாயி. ஆஸ்பத்திரிக்குப் போ. மனுஷ டாக்டருகிட்டக் காட்டு."

"அய்ய, எதுக்கு? அதான் நல்லாக் கீதுன்னு சொல்லுதே."

"அது உன்னயச் சொல்லல. என்னயச் சொல்லுது. அது வச்சிருக்கது என் ஒடம்பு."

அந்தப் பெண் ஒரு கணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பயம் வந்தது கண்ணில். கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "வுடுக்கா, பஸ்ஸு வந்துடுச்சி," என்று சொல்லிவிட்டு ஓடினாள். படியில் ஏறுகிறபோது ஒருதரம் தடுமாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போனது.

"அடுத்தவர் வரலாம்," என்றது பெட்டி.

இசக்கித்தாய் பெட்டி முன்னால் போய் நின்றாள். என்ன நினைத்தாளோ, முந்தானையை ஒதுக்கிவிட்டு, உடைமரத்தடியில் நீட்டுகிற மாதிரி, இடது கையை முழங்கை வரைக்கும் நீட்டினாள். மணிக்கட்டில் வெளுத்துப்போன மஞ்சள் நூல் ஒன்றுதான் இருந்தது.

பெட்டி கொஞ்ச நேரம் பார்த்தது.

"மன்னிக்கவும்," என்றது அந்த இனிமையான குரல். "காப்பு இல்லை. உங்களைப் பற்றிய விவரம் எதுவும் எங்களிடம் இல்லை."